தம்பி கொண்டுவந்த முன்சக்கரம்

அந்தத் தெருவில் அவளுக்கு அரைநூல் என்று பெயர். புது வீட்டுக்குக் கதவு நிலை வைத்தபோது, தச்சர் கையிலிருந்த மட்டக்கட்டையைப் பிடுங்கித் தானே வைத்துப் பார்த்து, "அரை நூல் சாயுது" என்று மூன்று முறை கழற்றி மாட்ட வைத்தவள். தச்சர் போகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

வயது நாற்பத்தாறு. பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு லேத் பட்டறை வைத்திருந்தாள். யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பமாட்டாள். கறிகாய்க்காரர் ஒரு கிலோ என்றால் பட்டறைத் தராசில் மறுபடி நிறுப்பாள். கணக்கு வாத்தியாரான அவள் கணவர், "என்னையே வெர்னியர் வச்சு அளந்து பார்த்துட்டுதான் கழுத்தை நீட்டினா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவளும் மறுக்கமாட்டாள்.

அவளிடம் முப்பது வருஷத்துப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. கம்பி போட்ட பெரிய முன்சக்கரம், டிரம் பிரேக். ஒரு மழை நாளில் பள்ளிக்கூட வேன் ஒன்று முன்னால் சட்டென்று நின்றது. பிரேக்கை இறுக்கிப் பிடித்தும் வண்டி வழுக்கிக்கொண்டே போய், வேனின் பின்பக்கத்தை டயர் தொட்ட பிறகுதான் நின்றது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு குழந்தை அவளைப் பார்த்துக் கையாட்டியது.

அன்றைக்கே முடிவு செய்தாள்: இந்தக் காலத்து அலாய் சக்கரம், டியூப் இல்லாத டயர், டிஸ்க் பிரேக். மெக்கானிக் யாரையும் தொடவிடப் போவதில்லை. அச்சு, புஷ், பிரேக்கைப் பிடிக்கும் பிராக்கெட், எல்லாம் தன் கையால். சக்கரம் மட்டும் வெளியிலிருந்து வரவேண்டும்.

விஷயம் காதுக்கு எட்டி, நாலாம் நாள் தம்பி வந்தான். உதிரிபாகக் கடையில் கவுண்டரில் நிற்பவன். ஆட்டோவிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை இறக்கிப் பட்டறை வாசலில் வைத்தான். உள்ளே கறுப்பு அலாய் சக்கரம், டயரோடு, டிஸ்கோடு. தனியாக ஒரு பையில் பிரேக்கின் மற்ற சாமான்கள்.

"எங்கேருந்துடா?"

"கிடைச்சுதுக்கா."

"கிடைக்கிறதுக்கு இது என்ன ரோட்ல கிடந்த செருப்பா?"

"தெரிஞ்ச இடம்தான். டயர்கூடப் புதுசு மாதிரிதான் இருக்கு. முதல்ல மாட்டு, கேள்வி அப்புறம் கேளு."

அவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷத்துக்கு முன் இதே தம்பி கொண்டுவந்து கொடுத்த பேரிங், பெட்டியில் ஒரு பெயரும் உள்ளே வேறு சரக்குமாக இருந்தது. தனக்கே தெரியாது என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். அவள் பாதிதான் நம்பினாள்.

வெர்னியரை அவனிடம் நீட்டி, "பேரிங் ஓட்டை என்ன அளவுன்னு படி" என்றாள். கையில் வாங்கியவன் உற்றுப் பார்த்துவிட்டு, "நீயே பாருக்கா, அப்புறம் நான் தப்பாப் படிச்சேன்னு சொல்லுவ" என்று திருப்பிக் கொடுத்தான். கிளம்பும் அவசரத்தில் இடது தோளை டிரில் ஸ்டாண்டில் இடித்துக்கொண்டான். எதிரில் வந்த வாத்தியாரையும் கவனிக்காமல் வெளியேறிப் போனான்.

"என்ன, மச்சினன் கண்டுக்காமப் போறான்?" என்றார் வாத்தியார்.

"திருட்டு முழி முழிக்கிறான், பார்த்தீங்களா?" என்றாள் அவள்.

அன்று மத்தியானம் முழுக்கச் சக்கரத்தோடு உட்கார்ந்தாள். அடிபட்ட வண்டியின் சக்கரமாக இருக்கும் என்று சுற்றிவிட்டு அளவு முள்ளை வைத்துப் பார்த்தாள். நூல் பிடித்த மாதிரி நேராகச் சுற்றியது. அது அவளுக்கு இன்னும் எரிச்சலைத்தான் மூட்டியது. குற்றம் இல்லாத பொருளை ஏன் ஒளித்துப் பேசவேண்டும்?

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. டயர் பளபளவென்றிருந்தது பாலிஷ் போட்டதால். துணியால் துடைத்ததும் பக்கச்சுவரில் நாலு எண்கள் தெரிந்தன. முதல் இரண்டும் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டும் வருஷம். மூன்று வருஷத்துப் பழசு. ஆனால் தேய்மானம் கால்வாசிகூட இல்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் டயர் தட்டையாக அமுங்கி, அங்கே மெல்லிய வெடிப்புகள் ஓடின. டிஸ்கிலும் ஓரிடத்தில் பிரேக் கட்டை உட்கார்ந்த வடிவத்தில் துரு அச்சு.

நகராமல் நின்ற வண்டி. ஈரமான இடத்தில், மாதக்கணக்கில், ஒரே நிலையில்.

யாரோ ஒளித்துவைத்த வண்டி என்று அவள் மனம் ஓடியது. எவனோ திருடிப் பதுக்கியதைப் பிரித்து விற்கிறான். இவன் அதை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். நாளைக்குப் போலீஸ் வந்து பட்டறையில் நின்றால்? தம்பி இப்போதெல்லாம் பஸ்ஸிலேயே வருவதும், வண்டி எங்கே என்றால் சர்வீஸில் இருக்கிறது என்பதும் நினைவுக்கு வந்தது. எத்தனை மாதமாக ஒரு வண்டி சர்வீஸில் இருக்கும்?

மறுநாள் அவன் கடைக்குப் போன நேரம் பார்த்து அவன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த தம்பி மனைவியின் முகம் வெளுத்துவிட்டது.

"வாங்க அண்ணி... அவர் இல்லையே."

"தெரியும். தண்ணி குடு."

தம்பி மனைவி சமையலறைக்குள் போனதும் இவள் நேராகக் கொல்லைப்பக்கம் நடந்தாள். துவைக்கும் கல்லுக்கு அருகே, தார்ப்பாய் போர்த்தி ஏதோ நின்றது. ஓரத்தைத் தூக்கினாள். தம்பியின் மோட்டார் சைக்கிள். முன்பக்கம் செங்கல் அடுக்கில் முட்டுக்கொடுத்திருந்தது. முன்சக்கரம் இல்லை.

தார்ப்பாயைப் பிடித்தபடியே நின்றாள். டம்ளரோடு பின்னால் வந்த தம்பி மனைவி, "எட்டு மாசமா அவர் வண்டியே எடுக்கல அண்ணி" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். "சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு."

அரைநூல் அதற்குமேல் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கடைக்குப் போனாள். தம்பியைப் பின்னாலிருந்த குடோனுக்குக் கூட்டிப்போய், பிரேக் ஷூ பெட்டிகளுக்கு நடுவே நிறுத்தினாள்.

"உன் சக்கரத்தை எனக்கு ஏன்டா கொடுத்த?"

அவன் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தான். பிறகு சொன்னான்: "நேரா பார்க்கிறது தெரியுதுக்கா. பக்கத்துல இருக்கிறது தெரியல. இப்ப நீ இடதுகைப் பக்கம் வந்து நின்னா நீ இல்ல. ஒரு நாள் சைக்கிள்ல வந்த பெரியவரை இடிச்சுட்டேன். அவர் வந்ததே எனக்குத் தெரியாது. நல்லவேளை, அவருக்கு முட்டி மட்டும்தான் சிராய்ச்சுது."

"டாக்டர்?"

"கண்ணுக்குள்ள அழுத்தமாம். சொட்டு மருந்து கொடுத்தாங்க. ரெண்டு தரம் போனேன். அப்புறம் போகல."

"ஏன் போகல?"

"கடைல தெரிஞ்சா கவுண்டர்ல விடுவாங்களா? போகாம இருந்தா ஒண்ணும் இல்லாத மாதிரி இருந்துது."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"உன்கிட்ட ஒரு பதில் சொன்னா ஒன்பது கேள்வி வரும். நீ வேன்ல மோதப் பார்த்தியாமே, மாமா சொன்னாரு. என்னோடது சும்மாதானே நிக்குது, உனக்காவது ஆகட்டும்னு..."

நேற்று முழுக்க இவனைக் கைவிலங்கோடு மனதுக்குள் நடக்கவிட்டிருந்தாள். அதைச் சொல்லவும் முடியவில்லை, மறைக்கவும் முடியவில்லை.

"உன்னைத் திருடன்னு நினைச்சேன்" என்று சொல்லியேவிட்டாள்.

"தெரியும்" என்றான் அவன். "நினைக்கலைன்னாதான் உனக்கு உடம்பு சரியில்லைன்னு அர்த்தம்."

அந்த வாரமே வேலை முடிந்தது. பழைய டயரைக் கழற்றிவிட்டுப் புதியதை வாங்கி, சுற்றும் திசை காட்டும் அம்புக்குறியைப் பார்த்துப் போட்டாள். பழைய ஃபோர்க்குக்கும் புதிய சக்கரத்துக்கும் பொருந்த அச்சும் புஷ்ஷும் கடைந்தாள். பிரேக்குக்குக் கனமான இரும்புத் தகட்டில் பிராக்கெட் அறுத்தாள். சக்கரம் சிறியதானதால் முன்பக்கம் தணிந்து, ஹேண்டில் தொட்டதும் திரும்பியது. பழக இரண்டு நாள் பிடித்தது. மீட்டர் கேபிளுக்கு இதில் இடமில்லை. முள் பூஜ்யத்திலேயே நின்றது. "இந்த வண்டி வாசலைத் தாண்டவே இல்லைன்னு சத்தியம் பண்ணலாம்" என்றார் வாத்தியார். வேறு மீட்டர் வாங்கி மாட்டும்வரை அவள் வேகத்தையே கூட்டவில்லை.

முதல் சனிக்கிழமை காலையில் தம்பியைப் பின்னால் உட்கார வைத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், ஒரு வேளைகூட மருந்தை விடக்கூடாது என்றார் டாக்டர். அவரிடமும் அவள் ஏழெட்டுக் கேள்வி கேட்டாள். கடை முதலாளியிடம் தம்பியே போய்ச் சொன்னான். அவர் கவுண்டரிலிருந்து அவனை மாற்றவில்லை. சாமான் எடுத்துவர ஏணி ஏறவேண்டாம் என்றார், அவ்வளவுதான்.

இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை அவர்களுக்கு ஆஸ்பத்திரி. கிளம்புமுன் தம்பி வீட்டு அலமாரியிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள்.

"இன்னும் இவ்வளவு இருக்கே. ஒழுங்கா விடுறியா?"

"விடுறேன்க்கா."

"எங்க, என் எதிர்ல ஒரு சொட்டு விடு."

அவன் தலையை அண்ணாந்து, கண்ணை அகலத் திறந்துகொள்வான்.

"கீழ சிந்துது பாரு, ஆடாம இரு" என்று புட்டியை அவளே வாங்கிக்கொள்வாள்.