ஞாயிற்றுக்கிழமைத் தலையிடி

1. மெஷின் சரியாக ஓடிய வீடு

அந்த வீட்டுக்கு, வீடுகளைச் சூடாக்கும் கேஸ் மெஷின்களை என்னோடு பழுதுபார்த்த யான் என்பவர் இரண்டு தடவை போய்வந்துவிட்டார். இரண்டு தடவையும் மெஷினில் பழுதில்லை என்றுதான் எழுதிக் கொடுத்தார். ஆனாலும் அந்தப் பெண் ஆபீசுக்கு மறுபடி ஆளனுப்பிச் சொல்லியிருந்தாள். "அந்தப் பொண்ணு தலையைத் தொட்டுத் தொட்டுக் காட்டுது, எனக்கு ஒண்ணும் புரியல. உங்க மொழிதானே, நீங்க போய்ப் பாருங்க" என்கிற அர்த்தத்தில் யான் பிரெஞ்சில் சொன்னார். அவர் பிரெத்தோன்காரர், வடமேற்குக் கரையோரத்துப் பிரெஞ்சுக்காரர். பொறுமைசாலி. வேலையில் சுத்தம்.

எண்பதுகளின் பிற்பகுதி, நல்ல குளிர்காலம். வீடு ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், நாலாவது மாடி. நான் பாண்டிச்சேரிக்காரன், அவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். கதவைத் திறந்த நகுலாவின் பேச்சைப் பிடிக்க எனக்கும் கொஞ்ச நேரம் ஆனது. மூன்று மாதக் குழந்தை உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கட்டடத்து வீடுகளில் ஷோஃபாஜ், அதாவது வீட்டைச் சூடாக்கும் ஏற்பாடு, வெப்பக்காற்று முறை. நடைவழி அலமாரிக்குள் கேஸ் மெஷின் எரியும். அதன் புகை குழாய் வழியாகக் கூரைக்கு ஏறும். சூடான காற்றை ஒரு விசிறி தகரக் குழாய்களில் தள்ளி ஒவ்வொரு அறைக்கும் அனுப்பும். வசதியான முறைதான். ஆனால் புகை ஒழுங்காக மேலே போகாமல் அலமாரிக்குள் இறங்கினால், அதே விசிறி அதையும் எல்லா அறைக்கும் பங்குவைத்துவிடும். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் நஞ்சு; அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

பர்னரைப் பார்த்தேன், சுடர் நீலமாக இருந்தது. புகைக்குழாயும் நன்றாக இழுத்தது. யான் எழுதியதில் பிழையில்லை. கருவிகளை எடுத்துவைக்கும் முன் அவளிடம், "எப்பவெல்லாம் வலிக்குதும்மா?" என்று கேட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமையிலைதான் அண்ணை தலையிடி வாறது. சனம் வந்து கதைச்சுச் சத்தம் போடுறதாலை எண்டு நினைச்சன். ஆனா பிள்ளையும் அண்டைக்கு எழும்பாமல் கிடக்குது. பால் குடிக்கக்கூட எழும்பாது."

சத்தம்தான் காரணமென்றால் குழந்தை எழும்பி அழும், இப்படிக் கிடக்காது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன நடக்கும் என்று விசாரித்தேன். அவள் கணவர் தவம் ஒரு ரெஸ்தொரானில் சமையல்காரர். லீவு நாளில் கூட்டாளிகளுக்கு வீட்டில் சமைப்பாராம். குளிருக்காக ஜன்னல்களை மூடிவிடுவார்களாம். முன்பு கறி வாசம் எதிர்வீட்டுக்குப் போய், அங்கிருந்த அம்மா கட்டடக் காவலரிடம் புகார் சொல்லியிருக்கிறார். அதனால் தவம் சமையலறைச் சுவரில் காற்றை இழுத்து வெளியே தள்ளும் பெரிய எக்ஸ்ட்ராக்டர் விசிறி ஒன்றை மாட்டியிருந்தார். யான் வந்த நாட்களில் அது நிறுத்தியே இருந்தது.

ஞாயிறுபோலவே எல்லாவற்றையும் செய்யச் சொன்னேன். ஜன்னல்களை மூடினாள். எக்ஸ்ட்ராக்டரைப் போட்டாள். சற்று நேரம் பொறுத்து, புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்தேன். மேலே இழுபட வேண்டிய புகை என் முகத்துக்குத் திரும்பி வந்தது. எக்ஸ்ட்ராக்டர் வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடாக, வீடு கூரைக் குழாய் வழியாகக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

எக்ஸ்ட்ராக்டரை நிறுத்தினேன், ஜன்னல்களைத் திறந்தேன், கேஸை மூடி முத்திரை வைத்தேன்.

மத்தியானச் சமையல் முடிந்து தவம் வீட்டுக்கு வந்தபோது வீடு குளிர்ந்து கிடந்தது. நான் விளக்கிச் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "அந்தக் காத்தாடியை இனித் தொடமாட்டம். நெருப்பைப் போட்டுவிடுங்கோ. பச்சைப் பிள்ளை இருக்கிற வீடு" என்றார்.

மறுத்துவிட்டேன். அவர் வாக்குத் தவற மாட்டார். ஆனால் அவர் இல்லாத நேரம் வேறு யாராவது சுவிட்சைப் போட்டால் என்ன செய்வது? கேஸ் வேலையில் பாதுகாப்பை ஒருவருடைய ஞாபகத்தில் விட்டுவைக்க முடியாது. எக்ஸ்ட்ராக்டரைக் கழற்றிக் காற்றுவழிகளைத் திருத்தி, மறுபடி சோதித்த பிறகுதான் முத்திரையை எடுக்கலாம். அதற்கு இரண்டு நாளாவது ஆகும்.

"பிள்ளைக்குக் குளிர் பிடிச்சா நீங்களோ பொறுப்பு?" என்று தவம் கேட்டார். குரல் உயரவில்லை. குழந்தையை டாக்டரிடம் காட்டச் சொன்னேன். நகுலா அப்போதே சால்வையைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதைப் பிறகு அறிந்தேன்.

2. எதிர்வீட்டு மதாம்

எக்ஸ்ட்ராக்டர் போனால் வாசம் மறுபடி வெளியே வரும், புகாரும் வரும். அதை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று தவத்துக்குத் துணையாக எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். மதாம் லெரூ தனியாக வாழ்ந்த விதவை. வாசலிலேயே நிற்க வைத்துத்தான் பேசினார்.

பேசிக்கொண்டிருந்தபோது அவருக்குப் பின்னால் நடைவழிச் சுவர் தெரிந்தது. மெஷினுக்குக் காற்று வர வேண்டிய கம்பிச் சல்லடைமேல் பழைய செய்தித்தாளை மடித்து, பிசின் நாடாவால் நான்கு பக்கமும் அழுத்தி ஒட்டியிருந்தார். அது எதற்கு என்று கேட்டேன். வாசம் வராமலிருக்க என்றார். தலைவலி உண்டா என்று கேட்டேன். இந்த வயதில் யாருக்குத்தான் இல்லை என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். அங்கே காற்றுப் போதாமல் சுடர் மஞ்சளாக எரிந்தது; அதே நஞ்சு உண்டாவதற்கு அது அடையாளம். அவருடைய கேஸையும் மூடினேன்.

ஒரே வாசத்துக்காக ஒரு வீட்டில் விசிறி மாட்டியிருந்தார்கள், மறுவீட்டில் துவாரத்தை அடைத்திருந்தார்கள். இதை இருவருக்கும் விளக்கிச் சொன்னேன். பிறகு தவம் தமிழிலேயே, "நாங்கள் அவவுக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதெண்டுதானே அந்தக் காத்தாடியைப் பூட்டினனாங்கள்" என்றார். அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். அந்த அம்மா, குழந்தை இப்போது எங்கே என்று மட்டும் கேட்டார்.

ஆபீசில் இரவல் கொடுக்க ஒரே ஒரு மின்சார ஹீட்டர்தான் மிச்சமிருந்தது. அதை எந்த வீட்டில் வைப்பது என்று தயங்கினேன். தன் கூடத்தில் வைக்கச் சொன்னார் மதாம் லெரூ. குழந்தையும் தாயும் அங்கே வந்து இருக்கட்டும் என்றார். அந்த இரண்டு நாளும் அப்படியே கழிந்தன. வேலை முடித்து முத்திரையை எடுக்கப் போனபோது, குழந்தை அவர் மடியில் கிடந்தது. நகுலா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. இருந்தாலும் ஏதோ பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதன் பிறகு புகார் நின்றுவிட்டது என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. மதாம் லெரூ காவலரிடம் போவதை நிறுத்தினார். நேராகத் தவம் வீட்டுக் கதவைத் தட்டி முறையிட்டார்; ஆனால் சல்லடையை மறுபடி அடைக்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். அடைத்த காற்றுவழியைப் பார்த்தால் திட்டாதீர்கள். ஏன் அடைத்தார்கள் என்று கேளுங்கள். குளிரோ, வாசமோ, பூச்சியோ, பக்கத்து வீட்டுச் சண்டையோ, ஏதோ ஒரு காரணம் இருக்கும். அதற்கு வழி செய்யாமல் துவாரத்தை மட்டும் திறந்துவிட்டு வந்தால், நீங்கள் படி இறங்கி முடிப்பதற்குள் அதை மறுபடி அடைத்துவிடுவார்கள்.