இடப்பக்க ஸ்டியரிங்

எங்கள் யாங்கோனில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். ஆனால் முக்கால்வாசி வண்டிகளுக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். ஜப்பானில் ஓடித் தேய்ந்து இங்கே வந்தவை. முன்னால் லாரி போனால், ஓட்டுகிறவருக்கு எதிரே வருவது தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்து, "போலாம்" என்று சொல்ல வேண்டும். எங்கள் வேனில் கல்யாணமான நாள் முதல் அந்த உத்தியோகம் எனக்கு.

எனக்கும் லைசென்ஸ் உண்டு. நான் ஓட்டுகிறேன் என்று கேட்டால் என் வீட்டுக்காரர் சொல்வார்: "உனக்கு ஓட்ட வரும். எனக்குப் பாத்துச் சொல்ல வராது." அது உண்மையும்கூட. ஒருமுறை நான் ஓட்டியபோது, இன்சீன் மார்க்கெட் பக்கம் முன்னால் ஒரு லாரி; இவர் எட்டிப் பார்த்து யோசித்து "போலாம்" என்று சொல்வதற்குள் அந்த லாரி மாந்தலேக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆகவே, வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகப் பாகங்களை வரவழைத்து நாமே ஒரு கார் பூட்டலாம் என்று அவர் ஆசைப்பட்டபோது நான் ஒரு நிபந்தனை போட்டேன். ஸ்டியரிங் இடப்பக்கம். ஓட்டுவது நான். பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினார்.

வேனைத் தெருவில் நிறுத்திவிட்டு, கார் ஷெட்டில் இரும்புச் சட்டத்தை இறக்கிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலம் இது. தெருவில் "மீ லாபி!" என்று கூச்சல் கிளம்பினால் விளக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். மற்ற வீடுகளில் தண்ணீர் மோட்டாரைப் போட ஓடுவார்கள். நாங்கள் டிரில்லிங் மிஷினை எடுக்க ஓடுவோம். தலையில் சீயக்காயோடு நான் ஓடி வந்ததும் உண்டு.

ஒரு நாள் நான் கியாக்டடாவில் ஆபீஸில் இருந்தபோது கரண்டு வந்திருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், மனுஷன் லாங்ஜியை மடித்துக் கட்டிக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நிற்கிறார்.

"வந்து பாரு! ஸ்டியரிங் பூட்டியாச்சு, பெடல் பூட்டியாச்சு, மீட்டருக்கு ஓட்டையும் போட்டாச்சு!"

பார்த்தேன். எல்லாம் வலப்பக்கம்.

சட்டத்தில் இரண்டு பக்கமும் பூட்ட இடம் விட்டிருந்தார்கள். இவர் கை பழகின பக்கம் போயிருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "யாருக்குங்க இந்தக் கார்? உங்களுக்கா, எனக்கா?" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

இவர் ஸ்பானரை எடுத்தார். "கை அதுவா போயிருச்சு. கழட்டிர்றேன், நீயும் வந்து பிடி."

கழற்றி எல்லாவற்றையும் இடப்பக்கம் பூட்டினோம். டாஷ்போர்டில் போட்ட ஓட்டையை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இவர் அதில் ஒரு சின்ன பேட்டரி ஃபேனைப் பொருத்தி, "இது என் சீட்டுக்கு" என்றார். அதற்கு மேல் யாரால் முறைத்துக்கொண்டு நிற்க முடியும்? சிரித்துவிட்டேன்.

நம்பர் பிளேட் மாட்டிய ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய், மல்லிகைச் சரம் சுற்றி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். பழம் நசுங்கிய சத்தம் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்படியே லைங் தாயா பக்கம் விட்டேன். பாதி வழியில் ஒரு ஃபாக்டரி பஸ் முன்னால் வந்து மாட்டிக்கொண்டு ஆமை மாதிரி ஊர்ந்தது.

காரை லேசாக வெளியே எடுத்தேன். எதிர்ச் சாலை முழுவதும் தெரிந்தது, ஒரு சைக்கிள்கூட இல்லை. பக்கத்தில் இவர் முழங்காலில் கை வைத்து, ஃபேன் காற்றில் முடி பறக்க, உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த பஸ்ஸின் பின்டயர்தான்.

"என்னங்க, போலாமா?"

கழுத்தை நீட்டி அந்த டயரை அக்கறையாகப் பார்த்தார். "போலாம், போலாம்!"

மிதித்தேன்.