சீல் அக்காவும் வழிகாட்டி பதினாலும்

அறுவை அரங்கில் பயன்படுத்திய கத்தரியும் இடுக்கியும் மறுபடி அரங்கேறும் முன்பு வந்து குளித்துவிட்டுப் போகும் இடம், அந்த மருத்துவமனையின் அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் கழுவும் தொட்டிகள், நடுவில் நீண்ட எஃகு மேசை, மறுபக்கம் ஆள் உயர நீராவி இயந்திரங்கள் இரண்டு. அங்கே பத்தொன்பது வருடமாக வேலை பார்ப்பவள்தான் சீல் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

கழுவித் தேய்த்து உலர்த்தி, லென்ஸ் வைத்துப் பார்த்த கருவிகளை இரட்டைத் துணியில் பொதிந்து, நாடா ஒட்டி சீல் வைத்து, இயந்திரத்துக்குள் தள்ளுவார்கள். ஆவியில் வெந்து வெளியே வரும் பொதியின் நாடாவில், ஆவி பட்டதற்கு அடையாளமாகக் கறுப்புக் கோடு தெரிய வேண்டும். அதன்பின் பொதியின் ஓர் ஓரம் பிரிந்தாலும் சரி, ஈரம் தட்டினாலும் சரி, யாராவது அவசரப்பட்டுத் திறந்து பார்த்தாலும் சரி, சீல் அக்காவிடம் ஒரே தீர்ப்புதான்.

“பிரி. முதல்ல இருந்து.”

“அக்கா, ஓரம்தானே. ஒரு துண்டு நாடா ஒட்டினா போச்சு.”

“ஒட்டினா ஒட்டு தெரியும். கிருமி தெரியுமா?”

இதற்குப் பதில் சொல்ல இதுவரை யாரும் பிறக்கவில்லை. அறுவை மருத்துவர்களே அவளிடம் வாய் கொடுக்க மாட்டார்கள்.

இப்படிப்பட்டவள் நாற்பத்து மூன்று வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். வீட்டிலிருந்தே படிக்கும் பட்டம், மருத்துவமனை நிர்வாகம். ஆசைக்குப் படிக்கவில்லை. பிரிவின் பொறுப்பாளர் ஓய்வு பெறப் போகிறார். அந்த நாற்காலியில் உட்காரப் பட்டம் வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பட்டம் இல்லையென்றால் வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். அவருக்கு வேலை சொல்லிக் கொடுப்பதும் சீல் அக்காவின் தலையில்தான் விழும்.

மூன்று வருடம் முட்டி மோதிக் கடைசித் தாள் வரை வந்துவிட்டாள். அந்தத் தாளுக்குத் தேர்வு இல்லை. ஒரு கட்டுரை மட்டும். ‘உங்கள் பணியிடத்தில் அடிக்கடி தவறும் ஒரு நடைமுறையை எடுத்துக்கொண்டு, அது ஏன் தவறுகிறது என ஆராய்க.’ எழுதி அனுப்பினாள். நூற்றுக்கு முப்பத்தெட்டு வந்தது. ஐம்பது எடுத்தால்தான் தேர்ச்சி. கீழே ஒரு வரி: ‘தகவல் இருக்கிறது, வாதம் இல்லை.’

உடன் வேலை பார்ப்பவள் ஒருத்திக்கு ரேடியோ என்று பெயர். காலையில் ஆன் செய்தால் பணி முடியும்வரை ஓடிக்கொண்டே இருப்பாள். அவள் அந்த வரியைப் படித்துவிட்டு, “வாதம் இல்லைன்னா நல்லதுதானேக்கா. எங்க மாமியாருக்கு ரெண்டு முழங்கால்லயும் வாதம், என்ன பாடு படறாங்க தெரியுமா?” என்றாள்.

சீல் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே ஒரு முறை திருத்தி எழுத அனுமதி உண்டு, மூன்று வாரத்துக்குள். அதிலும் தவறினால் முழு வருடமும் மறுபடி படிக்க வேண்டும். அதற்குள் நாற்காலி கைமாறிவிடும்.

மகள் பத்தாவது படிக்கிறாள். அவள்தான் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தைக் குடைந்து அதைக் கண்டுபிடித்தாள். “அம்மா, இங்க பாரு. எழுத்து உதவி மையம். கட்டுரையை ஏத்தி அனுப்பினா ஒரு நாளைக்குள்ள பார்த்து எழுதி அனுப்புவாங்களாம். இல்லைன்னா அரை மணி நேரம் நேர்ல பேசலாமாம், கம்ப்யூட்டர் வழியா. ஒரு பருவத்துக்கு அஞ்சு முறை. இலவசம்.”

“யாரு பார்ப்பாங்க?”

“பேரெல்லாம் போடலை. ‘வழிகாட்டி பதினாலு’ன்னு இருக்கு.”

மறுநாள் பணி முடிந்து மதியம் வீட்டுக்கு வந்தவள், சாப்பாட்டு மேசையில் மகளின் மடிக்கணினியை வைத்து, இரண்டே விரலால் தட்டித் தட்டிக் கட்டுரையை ஒழுங்குபடுத்தி ஏற்றினாள். அழுக்குத் துணியைச் சலவைக்குப் போட்டவளைப் போல நிம்மதியாக எழுந்துபோனாள். நாளைக்கு வெளுத்து வந்துவிடும்!

வெளுத்து வரவில்லை. ஓரமெல்லாம் மஞ்சள் கட்டங்களோடு வந்தது. மொத்தம் பதினொரு கட்டம், பதினொரு கேள்வி. ‘இதை எப்படிச் சொல்கிறீர்கள்?’ ‘இங்கே யாருடைய கருத்து?’ ‘இந்தப் பத்தி எதற்காக?’ ஒரு எழுத்தைக்கூட அந்தப் பதினாலு திருத்தவில்லை. அடியில் மட்டும் பணிவாக ஒரு குறிப்பு: ‘நாங்கள் திருத்தித் தருவதில்லை. நீங்கள் திருத்தத் துணை நிற்கிறோம்.’

“கேள்வி கேக்கறதுக்கு எனக்கு வீட்லயே ஆள் இருக்கு,” என்றாள்.

பேருந்து ஓட்டும் கணவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “என்னைச் சொல்றியா? நான் என்னைக்கு உன்னைக் கேள்வி கேட்டிருக்கேன்? கேட்டுட்டுத்தான் உயிரோட இருக்க முடியுமா?” என்றார்.

அன்று சாயங்காலம் சீல் அக்கா ஒரு காரியம் செய்தாள். அவளுக்கு அது இயல்பாகவே வந்தது, யோசிக்கவே இல்லை. அடுத்தவர் கை பட்டுவிட்ட அந்தக் கட்டுரையை அப்படியே அழித்தாள். கணினியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, முதலிலிருந்து வேறொரு கட்டுரை எழுதினாள்.

நான்கு நாள் கழித்து அதை ஏற்றினாள். இந்த முறை ஒன்பது கேள்வி. அழித்தாள். மூன்றாவது கட்டுரை, பன்னிரண்டு கேள்வி. அழித்தாள். நான்காவது.

வீட்டில் பதினாலு ஒரு சொந்தக்காரரைப் போல ஆகிவிட்டார். “பதினாலு என்ன சொல்லுது?” என்று கேட்டுக்கொண்டே கணவர் உள்ளே வருவார். “நாம கல்யாணம் ஆன புதுசுல எனக்குக்கூட நீ இவ்வளவு எழுதினதில்லை.”

“உங்களுக்கு எழுதியிருந்தா நீங்க பதில் போட்டிருப்பீங்களா?”

“போட்டிருப்பேன். ‘சரி’ன்னு.”

சிரிப்பும் பேச்சுமாக இருந்தாலும் அவளுக்கு உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. மூன்று வாரத்தில் இரண்டரை வாரம் தீர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கட்டுரை போய்ச் சேர வேண்டும். கேள்விகளோ குறைந்தபாடில்லை. இரவல் சேலையை இழுத்து இழுத்துக் கட்டுவதுபோல, ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை நான்காவது கட்டுரை திரும்பி வந்தது. அதில் கேள்வி ஒன்றே ஒன்று.

‘இது நீங்கள் அனுப்பும் நான்காவது தனிக் கட்டுரை. முந்தைய மூன்றும் என்ன ஆயின? முடிந்தால் கடைசி முறையைப் பேசுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.’

புதன்கிழமை மூன்று மணிக்கு நேரம் கிடைத்தது. அன்றைக்குப் பணி இரண்டரைக்கு முடியும். வீடு போய்ச் சேர முடியாது. துணி அறைக்குள் மடிக்கணினியோடு போய், மடித்து அடுக்கிய பச்சைத் துணிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். வாசலில் ரேடியோவை நிறுத்தினாள். ரேடியோவை வாய் மூடி நிற்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

திரையில் முகம் வரவில்லை. குரல் மட்டும் வந்தது. இளம் குரல், தொண்டையில் சளி.

“வணக்கம் மேடம். நான் பதினாலு.”

“வணக்கம் சார்.”

“சார் வேண்டாம். நானும் இங்க படிக்கிற ஆள்தான். நீங்க எழுதினதை அழிச்சிடறீங்களா?”

“ஆமா.”

“ஏன்?”

இதென்ன கேள்வி என்று அவளுக்குத் தோன்றியது. “நீங்கதான் குறை சொல்லிட்டீங்களே. ஒரு தடவை பிரிஞ்சிட்டா அப்புறம் அது எதுக்கு ஆகும்? முதல்ல இருந்துதான் பண்ணணும். எங்க வேலையில அப்படித்தான்.” லென்ஸ், பொதி, நாடா, கறுப்புக் கோடு எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பும் இருமலும் கலந்து வந்தன.

“மன்னிச்சுக்கங்க. உங்களைப் பார்த்துச் சிரிக்கலை. ரெண்டு வாரமா நான் என்ன தப்பா எழுதி இந்தம்மாவை விரட்டி விடறேன்னு தூக்கமில்லாம இருந்தேன். மேடம், கத்தரிக்கு நீங்க சொல்றது சரி. கட்டுரைக்கு நேர் எதிர். கை படப் படத்தான் அது சுத்தமாகும்.”

“சரி. அழிச்சது அழிச்சதுதானே இப்போ.”

“உங்ககிட்டதான் இல்லை. நீங்க ஏத்தினது எல்லாம் எங்ககிட்ட இருக்கு. நாலையும் திறந்து வெச்சிருக்கேன். ரெண்டாவதைப் பத்திப் பேசலாமா?”

இரண்டாவது கட்டுரை, கருவிகளை அடுக்கும் ட்ரேக்கள் மறுபடியும் கழுவ வருவதைப் பற்றியது. ஒரே மாதத்தில் நாற்பத்தொரு ட்ரேக்களை இரண்டாம் முறை கழுவ வேண்டி வந்தது. அவற்றில் இருபத்தொன்பது, முற்பகல் அறுவைகளிலிருந்து வந்தவை. கருவிகள் மேலே அரங்கிலேயே வெகுநேரம் கிடப்பதால் ரத்தம் காய்ந்து கத்தரி, இடுக்கிகளின் மூட்டில் பிடித்துக்கொள்கிறது. ஒரு கழுவலில் போவதில்லை. அவளே நாள் வாரியாகக் குறித்து வைத்திருந்த கணக்கு அது.

“இந்தக் கணக்கு வேற யார்கிட்டயும் கிடையாது மேடம். இதை எப்படித் தூக்கிப் போட மனசு வந்துச்சு? நான் ஒண்ணுதான் கேட்டேன். கருவிகளை உடனே கீழ அனுப்பாம ஏன் மேலயே வெச்சிருக்காங்க?”

“அதுவா. லிஃப்ட்.”

“லிஃப்டா?”

“சாமான் போற லிஃப்ட் ஒண்ணுதான். பதினொண்ணுல இருந்து ஒண்ணரை வரைக்கும் அதுல சாப்பாட்டு வண்டி போகும். அழுக்கு ட்ரே அதுல ஏறக் கூடாது. அதனால மேல காத்துக் கிடக்கும். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.”

“எல்லாருக்கும்னா யார் யாருக்கு?”

அவள் எண்ணிப் பார்த்தாள். “எனக்கு. ரேடியோவுக்கு. சாப்பாட்டு வண்டிக்காரருக்கு.”

வாசலிலிருந்து, “லிஃப்ட்காரருக்கும் தெரியும்க்கா!” என்று குரல் வந்தது.

“நாலு பேர்,” என்றது பதினாலு. “எனக்குத் தெரியாது. உங்க பேராசிரியருக்குத் தெரியாது. உங்க மருத்துவமனையை நடத்தறவங்களுக்குத் தெரியுமா?”

சீல் அக்காவுக்கு, கழுவுகிறவர்கள் சரியில்லை என்று மேலிருந்து இரண்டு முறை வந்த கடிதங்கள் நினைவுக்கு வந்தன.

“வாதம் இல்லைன்னு எழுதினாங்களே, அது இதைத்தான். உங்களுக்கு ரொம்பத் தெரிஞ்சதை நீங்க எழுதாம விட்டுட்டீங்க. அதை அழிக்காம, அதே கட்டுரைக்குள்ள வெச்சு எழுதுங்க. இனிமே எனக்கு அனுப்ப முடியாது. அஞ்சும் முடிஞ்சிடுச்சு.”

“அப்போ தப்பு இருந்தா யார் பார்ப்பா?”

“நீங்கதான். ஒரு ட்ரேயை லென்ஸ் வெச்சுப் பார்க்கறவங்க ஒரு பத்தியைப் பார்க்க மாட்டீங்களா?”

அன்றைக்கே பதினாலு இரண்டாவது கட்டுரையைத் திருப்பி அனுப்பிவைத்தார். ஒன்பது மஞ்சள் கட்டங்களும் அப்படியே இருந்தன. அதைத் திறந்ததும் அவள் கை தன்னால் அழிக்கும் பொத்தானுக்குப் போனது. மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

“நான் எதையாச்சும் மொத்தமா அழிக்கப் போனா கையைத் தட்டி விடு.”

“எவ்வளவு பலமா தட்டலாம்மா?”

“ஆசைப்படாதே. லேசா.”

வியாழக்கிழமை மூன்று தட்டு விழுந்தது. மூன்றாவது லேசானது அல்ல. லிஃப்ட் நேரத்தையும் ட்ரேக்கள் இறங்கிய நேரத்தையும் ஒரே பத்தியில் எதிரெதிராக வைத்தாள். ஒரு வாக்கியத்தைப் பாதியாக உடைத்தாள். மூன்றாம் பத்தியைத் தூக்கி ஐந்தாவதாகப் போட்டாள். ஒட்டுப் போட்ட இடமெல்லாம் அவள் கண்ணுக்கு உறுத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவைத்தாள். கடைசியில், சாப்பாட்டு வண்டிக்குப் பன்னிரண்டு மணிவரை மட்டும் லிஃப்ட்டைக் கொடுத்தால் போதும் என்ற யோசனையை எழுத அரை மணி நேரமே மிஞ்சியது. வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு அனுப்பிவிட்டு, கணவர் நீட்டிய தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

மாத முடிவில் மதிப்பெண் வந்தது. ஐம்பத்தேழு. ‘காரணத்தைத் தெளிவாக நிறுவியிருக்கிறீர்கள். தீர்வு அவசரமாக எழுதப்பட்டுள்ளது’ என்று பேராசிரியர் எழுதியிருந்தார். உண்மைதான், அவசரமாகத்தான் எழுதினாள். ரேடியோ அடித்தளம் முழுக்க ஒலிபரப்பினாள். சாப்பாட்டு வண்டிக்காரர், “எங்க வண்டியைப் பத்தித்தான் எழுதினியாமே, நான் வில்லனா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுவாரம், பொறுப்பாளர் பதவிக்கான விண்ணப்பத்தோடு மூன்றாம் மாடி அலுவலகத்துக்குப் போனாள். குமாஸ்தா தாள்களைப் புரட்டினார். பட்டச் சான்றின் நகல், பணிச் சான்று. அதற்குப் பின்னால், கேட்காத நாலு பக்கம்.

“இது என்னம்மா?”

“கட்டுரை. கடைசிப் பகுதியை இப்போ நிதானமா எழுதியிருக்கேன்.”

அவர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். “லிஃப்ட் விஷயமா? இதெல்லாம் மேலிடத்துக்குத் தெரிஞ்சதா இருக்கும்மா. விண்ணப்பம் மட்டும் போதும்.”

“தெரியாது சார்,” என்றாள் சீல் அக்கா. “தெரிஞ்சவங்க மொத்தம் நாலு பேர். சேர்த்தே பின் பண்ணிடுங்க.”

குமாஸ்தா அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஸ்டேப்ளரைத் தேடினார்.