கோடு ஏறியது, குழம்பு கெட்டது

போன ஞாயிறு வேலப்பன்சாவடியில் வலைப்பதிவர் மாநாட்டுக்குப் போய் வந்தேன். "தலைப்பைப் பார்த்ததும் விரல் தானாக அதைத் தொட வேண்டும்" என்று மேடையில் ஒருவர் அடித்துச் சொன்னார்.

என் சமையல் வலைப்பதிவில், மாமியார் சொல்லிக்கொடுத்த மீன்குழம்பு யாரும் சீண்டாமல் கிடந்தது. அதற்குப் புதுத் தலைப்பு வைத்தேன்:

'என் மாமியார் என்னிடம் மறைத்த மீன்குழம்பு ரகசியம்!'

அவர் எதையும் மறைக்கவில்லை. சும்மா ஒரு கெத்துக்கு.

இன்று காலை வாசகர் எண்ணிக்கைப் பக்கத்தைத் திறந்தால், வரைபடக் கோடு நெட்டுக்குத்தாக ஏறியிருக்கிறது. முகப்பேர் ஃபிளாட்டில் உட்கார்ந்து உலகப் புகழை எதிர்பார்த்தபடி ஊர்வாரியாகப் பார்த்தேன். சிங்கப்பூர் இல்லை, துபாய் இல்லை. மொத்தமும் ஆவடி.

மாமியார் வீடு ஆவடி குவார்ட்டர்ஸில்தான்.

யோசித்து முடிப்பதற்குள் அவரிடமிருந்தே போன்.

"மாப்ளே, தப்பா எடுத்துக்காதீங்க. கடையாண்ட போனாலும் கேக்குறாங்க, கோயிலாண்ட போனாலும் கேக்குறாங்க. 'மாப்ளைக்கே சொல்லலியாமே, அப்படி இன்னா ரகசியம்?'னு."

"ஐயோ அத்தை, அது சும்மா ஆள் இழுக்க வச்ச தலைப்பு. இப்பவே மாத்திடறேன்."

"தலைப்பு கெடக்குது, உடுங்க." குரலைத் தாழ்த்தினார். "நான் மறைச்சது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? என் பொண்ணு சொன்னாளா?"

ஆக, மாநாட்டால் வாசகர்கள் கூடியிருக்கிறார்கள். இத்தனை வருடமாக நான் வைத்தது பாதிக் குழம்பு என்றும் தெரிந்துவிட்டது.

ஆவடி வாசகர்களே, விஷயம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். என் மனைவி வாயே திறக்க மாட்டேன் என்கிறாள்.