முவாப்பே தேதி மாற்றிய மதியம்

என்டோலா நகரத்தில் எங்கள் தெருவே அவளை லோம்பே அம்மா என்றுதான் கூப்பிடும். முவாப்பே என்ற அவள் சொந்தப் பெயரைச் சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம். புருஷன் போய்ப் பதினாறு வருஷம். ஒரே மகன் லோம்பே இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மா முகத்தைப் பார்க்க அவன்தான் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வைத்துவிட்டுப் போனான். மற்ற ஆறு நாளும் அவள் சுவரோடுதான் பேச்சு. என் வீட்டுக்குச் சாப்பிட வாடி என்றால் வரமாட்டாள். அவன் கூப்பிட்டால் என்ன செய்வது என்பாள்.

படம் வராவிட்டால் அவனுக்கே போன் போடுவாள். "நெட் பெட்டியில பச்சை விளக்கு எரியுதாம்மா? ஒரு வெப் பக்கம் மட்டும் திறக்கலையா, எல்லாமேவா?" என்று அங்கிருந்து கேட்பான். இவள் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்வாள். அதுவே அரைமணி நேரப் பேச்சாகிவிடும். வேண்டுமென்றே ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கூப்பிடுகிறாளோ என்று எனக்குச் சந்தேகம்கூட உண்டு.

அந்தப் பிள்ளைதான் வண்டி மோதிச் செத்தான். உடலைக் கொண்டுவர வழியில்லை. வியாழக்கிழமை நம் நேரம் இரண்டு மணிக்கு அங்கேயே அடக்கம், கம்ப்யூட்டரில் பார்க்கலாம், லிங்க் மெயிலில் இருக்கிறது என்று அவன் சிநேகிதன் போனில் சொன்னான். அவள் மெயில் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் திறக்கும். வேறு எதில் திறக்கவும் பாஸ்வேர்டு வேண்டும்; அது தெரிந்தவன் சவப்பெட்டியில் கிடந்தான்.

துக்க வீடென்றால் கூடத்தைக் காலி செய்து பெண்கள் தரையில் உட்காரவேண்டுமே. முவாப்பேயின் நாத்தனார் புப்பே நாற்காலி, மேசை, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பின்னறைக்குத் தூக்கச் சொல்லிவிட்டாள். நாலு நாள் அது கரண்ட் இல்லாமல் கிடந்தது. வியாழன் ஒரு மணிக்குக் கூடத்துக்கு எடுத்துவந்து மாட்டினால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. பாதுகாப்பில்லை, பாதுகாப்பில்லை என்றே வருகிறதாம்.

"தூக்கும்போது எவளோ போட்டு உடைச்சுட்டா போல," என்றாள் புப்பே.

"தூக்கச் சொன்ன வாய்தானே இது? மூடு," என்றேன்.

முவாப்பேயின் கை போனைத் தேடியது. எடுத்தாள். நம்பரை அழுத்தப் போனவள் அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள். கூடத்தில் நாற்பது பெண்கள்.

பிறகு அவளே கேட்டாள், அவன் கேட்கிற மாதிரியே. "பச்சை விளக்கு எரியுதா? எரியுது. ஒரு பக்கமா, எல்லாமா? எல்லாம். சரி, பெட்டிய அணைச்சுட்டு நூறு எண்ணு." எண்ணினாள். அப்போதும் திறக்கவில்லை. மணி ஒன்றே முக்கால்.

"மூலையில என்ன தேதி காட்டுது?" என்று அடுத்ததையும் அவளே கேட்டாள்.

கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிற சின்ன பேட்டரி செத்திருந்தால், கரண்ட் போனதும் அது தேதியை மறந்துவிடும், தேதி தப்பாக இருந்தால் எந்தப் பக்கமும் நம்மை நம்பாது என்று எப்போதோ சொல்லியிருந்தானாம். குனிந்து பார்த்தாள்.

"பன்னெண்டு வருஷம் பின்னால நிக்குது அக்கா. அப்ப அவன் இந்த வீட்லதான் இருந்தான்."

"மாத்துடி."

"மாத்தினா இன்னைக்கு ஆயிடுமே."

"ஆகட்டும். இன்னைக்கு உன் புள்ளைய மண்ணுல வைக்கிறாங்க. நீ பாக்காம வேற யாரு பாப்பாங்க? மாத்து."

ஒவ்வொரு எண்ணாகத் தட்டினாள். நாள், மாதம், வருஷம். மெயில் திறந்தது. படம் வந்தது.

அங்கே மழை. குழியைச் சுற்றி ஒன்பது பேர், கறுப்புக் கோட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு சத்தமில்லை.

"ஏன்க்கா யாரும் அழல?" என்றாள். "என் புள்ளைக்கு அழ ஆளில்லையா?"

நான் தலைத்துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு ஓங்கி ஒப்பாரி எடுத்தேன். புப்பே அதைப் பிடித்துக்கொண்டாள். கூடம் மொத்தமும் பிடித்துக்கொண்டது. அங்கே இருக்கிறவர்களுக்குக் கேட்காது என்று தெரியும். மண் தள்ளி முடிக்கும்வரை நாங்கள் நிறுத்தவில்லை.

படம் நின்றது. களி கிண்டப் பெண்கள் எழுந்து வெளியே போனார்கள். முவாப்பே மட்டும் நகரவில்லை. சாப்பிட வாடி என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீங்க போங்கக்கா," என்றாள், திரையைப் பார்த்தபடி. "அவங்க எல்லாரும் கிளம்பிட்டாங்க. அவன் தனியா இருக்கான்."