ராணிக்கு மீசை ஆகாது

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. இதை எழுத ஆரம்பித்த பிறகே மூன்று தடவை எழுந்து வாசல்வரை போய்வந்தாயிற்று. உட்கார்ந்தாலும் வலது கை சும்மா இருக்காது. மேலுதட்டைத் தடவிக்கொண்டே இருக்கும். மீசை முறுக்குகிறான் என்று பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். முறுக்கவில்லை, இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். எங்கள் சபையில் நாடகம் போட்ட ஒரு சனிக்கிழமையில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது.

சபை என்றதும் பெரிய மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம். ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பஞ்சு வியாபாரி ஒருவருடைய பழைய கிட்டங்கி. வியாபாரம் நொடித்ததும் சரக்கு வைக்க ஆளில்லாமல் கிடந்ததை, வக்கீல் குமாஸ்தாக்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் தாலுகா ஆபீஸ் எழுத்தர்களுமாக நாங்கள் சிலர் சேர்ந்து பிடித்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை தேவாரம், மாதத்துக்கு ஒரு பிரசங்கம், ஐப்பசியிலும் தையிலும் கச்சேரி, வருஷத்துக்கு இரண்டு நாடகம். யார் வீட்டுக் கல்யாணத்திலாவது பந்தி போட இடம் போதவில்லை என்றால் அதுவும் அங்கேதான் நடக்கும். எவ்வளவு பெருக்கினாலும் கூரைச் சட்டங்களில் பழைய பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். மத்தளம் கொஞ்சம் வேகமெடுத்தால் உதிரும். மேல்ஸ்தாயிக்கு வாயைத் திறந்த பாகவதர் பாட்டை விட்டுவிட்டுத் தும்மியதை நானே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

நான் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. பதினெட்டு வயதில் சபைக்கு வந்தேன். முகம் அப்போது வழவழவென்று இருந்தது, குரலும் மெல்லியது, அதனால் ஸ்திரீபார்ட் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சும்மா சொல்கிறேன். நான்தான் ஓடிப்போய்ப் பிடித்தேன். புடவை கட்டி மேடையில் நிற்கிற அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் என் கைகால் என் சொல்லைக் கேட்கும். ராணியாக இருக்கும்போது எனக்கு எங்கேயும் எழுந்து போகத் தோன்றாது. வேறு எந்த வேலையிலும் அந்த அமைதி எனக்குக் கிடைத்ததில்லை.

கல்யாணம் ஆனதும் அப்பாவின் உத்தரவுப்படி மீசை வைத்தேன். அப்பா பாபநாசத்துக்குக் கீழே ஆற்றோரக் கிராமத்தில் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சபையில் தேவாரம் மட்டும்தான் நடக்கிறது என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். மீசை வந்ததும் ராணி வேஷம் போயிற்று. மந்திரி, தூதன், வாயில் காப்போன் என்று வருஷத்துக்கு வருஷம் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். ராணியாக ஓர் இளம் எழுத்தர் நடித்தார். நன்றாகத்தான் நடித்தார். பக்கத்தில் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அந்த எழுத்தரை ராதாபுரம் தாலுகா ஆபீசுக்கு மாற்றிவிட்டார்கள், நாடகத்துக்கு ஐந்து நாள் இருக்கையில். ராணியின் பாட்டும் பேச்சும் முழுக்கத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். சபைக் காரியதரிசி, அவரும் ஒரு வக்கீல் குமாஸ்தாதான், நேரே என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன வே, ராணிக்கு மீசை ஆகுமா? சொல்லும்."

ராத்திரி நாடகமாக இருந்தால் மெழுகை அப்பி, அரிதாரம் பூசி, விளக்கு வெளிச்சத்தில் ஒப்பேற்றிவிடலாம். ஆனால் அந்தத் தடவை தலைமை வகிக்க ஒப்புக்கொண்டிருந்த பெரிய அதிகாரிக்குக் கண்விழிப்பது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதாம். நாலு மணிக்கே திரை தூக்கவேண்டும். கிட்டங்கியின் மேல் ஜன்னல்களில் மேற்கு வெயில் நேரே மேடையில் விழும். மெழுகாவது, மண்ணாங்கட்டியாவது!

எங்கள் பக்கத்தில் தகப்பன் உயிரோடு இருக்கையில் மகன் மீசையை எடுக்கமாட்டான். அவர் போன பிறகு, கொள்ளி வைக்கும்போது எடுப்பது அது. வெறும் உதட்டோடு ஒருவன் தெருவில் வந்தால் அவன் வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவேண்டியதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, "ஆகாதுதான். எடுத்துவிடுகிறேன்" என்று சொன்னேன். அவ்வளவு ஆசை எனக்கு.

வியாழக்கிழமை ஊரிலிருந்து கார்டு வந்தது. "தகப்பனாருக்கு நாலு நாளாகச் சுரம். பயப்படும்படி இல்லை. சௌகரியப்பட்டால் வந்து பார்க்கவும்." சட்டைப் பையில் வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். வெள்ளிக்கிழமை இரண்டு தடவை ஸ்டேஷன்வரை நடந்துபோய்த் திரும்பி வந்தேன். பயப்படும்படி இல்லை என்றுதானே எழுதியிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் நாவிதரைச் சபைக்கே வரவழைத்தார்கள். தண்ணீரைத் தொட்டு உதட்டில் வைத்தவர் கையை நிறுத்தினார்.

"ஐயா, பெரியவுக ஊர்ல சொகமா இருக்காவல்லா?"

"இருக்காவ. லேசாக் காய்ச்சல்."

கத்தியைத் தோலுறையில் சொருகிவிட்டார். "அப்பம் என் கையால இது ஆகாது. கன்னத்தை வேணும்னா வழிச்சி விடுதேன்."

"நாடகத்துக்குத்தானப்பா!" என்றார் காரியதரிசி.

"நாடகம்னு உங்களுக்குத் தெரியும். கத்திக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

காரியதரிசி தம் வக்கீல் வீட்டிலிருந்து சென்னையில் வாங்கிய சவரக் கத்தி ஒன்றைக் கொண்டுவருவதற்குள் மத்தியானமாகிவிட்டது. வேஷம் கட்டும் அறையில், ரசம் போன கண்ணாடிக்கு முன்னால் நானே எடுத்தேன். பாதி போனதும் பார்த்தேன். ஒரு பக்கம் மந்திரி, ஒரு பக்கம் ராணி. நிறுத்திவிடலாம் என்றால் எதில் நிறுத்துவது? நெல்லையப்பா என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு மற்றப் பாதியையும் எடுத்தேன். கண்ணை மூடினதால் உதட்டிலும் ஒரு வெட்டு விழுந்தது.

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் வாசலில் சித்தப்பா. அப்பாவின் தம்பி, அப்பாவோடு ஒரே வீட்டில் இருப்பவர். மத்தியான ரயிலில் வந்து, என் வீட்டில் விசாரித்து, சபைக்கு வந்திருக்கிறார். கையில் ஒரு பை. என் முகத்தைப் பார்த்தார். பை கீழே விழுந்தது.

"அண்ணாச்சி! எங்கள விட்டுட்டுப் போயிட்டீயளா அண்ணாச்சி!"

தலையில் அடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்பா போய்விட்டார், நான் இங்கே ராணி வேஷத்துக்கு முகம் வழித்துக்கொண்டிருந்தேன், வழித்ததால்தான் போனார். சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அப்படி நான் அதற்கு முன்பு அழுததில்லை. ஆர்மோனியக்காரர் ஓடிவந்து அழுதார். காரியதரிசி வாயில் துண்டை வைத்துக்கொண்டார். மேடையில் கட்டியிருந்த மாவிலைத் தோரணத்தை யாரோ அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கொஞ்சம் மூச்சு வந்ததும் கேட்டேன். "எப்பம் சித்தப்பா? எத்தனை மணிக்கு?"

"அதை நீயில்லாலே சொல்லணும்! காலம்பற நான் கெளம்பும்போது கஞ்சி குடிச்சிக்கிட்டுல்லா இருந்தாவ!"

"அப்பம் நீங்க ஏன் அழுதீய?"

"நீ மீசையை எடுத்துட்டு நிக்கியே! நான் ரயில்ல வாரதுக்குள்ள தந்தி முந்திக்கிட்டுன்னு நெனைச்சேன்."

"நீங்க அழுததைப் பாத்துல்லா நான் அழுதேன்!"

மத்தளக்காரர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். தோரணத்தை அவிழ்த்தவர் அவசரம் அவசரமாகத் திரும்பக் கட்டினார். சித்தப்பா சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"உசிரோட இருக்கவுகளுக்குக் கருமாதி பண்ணிட்டியேலே! உன்னைப் பாக்கணும்னு சொல்லுதாவ. சாயங்கால வண்டிக்குக் கெளம்பு."

சாயங்காலம் ஒரு வண்டி இருந்தது. அதில் போயிருக்கலாம். ராணியில்லாமல் நாடகம் நின்றிருக்கும், அதிகாரி கோபித்துக்கொண்டு போயிருப்பார், அவ்வளவுதான். அப்பா காலையில் கஞ்சி குடித்தார் அல்லவா, ஒரு ராத்திரியில் என்ன வந்துவிடும் என்று நினைத்தேன். "காலம்பற முதல் வண்டிக்குப் போவோம் சித்தப்பா" என்றேன். என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போக மனமில்லாமல் அவர் இரண்டாவது பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். இன்றைக்கும் எனக்கு உறுத்துவது மீசை இல்லை, அந்தச் சாயங்கால வண்டி.

நாலு மணிக்குக் கூட்டம் நெரிந்தது. முன்னால் நாற்காலிகளில் அதிகாரியும் வக்கீல்களும், பின்னால் பெஞ்சு, அதற்குப் பின்னால் பாய், மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள். மேலப்பாளையத்திலிருந்து வந்த நெசவுக்காரர்கள் இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். வெயிலில் பஞ்சு பறப்பது தெரிந்தது. மேடைக்கு வரும்வரை என் கால் நடந்துகொண்டே இருந்தது. வந்ததும் நின்றுவிட்டது.

கதையில், ராஜா போரில் மாண்டார் என்று ராணிக்குச் செய்தி வரும். உண்மையில் சாகவில்லை; கடைசியில் திரும்பி வருவார். செய்தியைச் சொல்லிவிட்டுத் தூதன் தலைகுனிந்து நின்றான். நான் அழவேண்டிய இடம் அது. ஒத்திகையில் பாட்டுப் பாடித்தான் அழுவேன். அன்று பாட்டு வரவில்லை. மத்தியானம் பாதியில் நின்ற அழுகை திரும்பி வந்துவிட்டது. தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. ஆர்மோனியக்காரர் வாசிக்க மறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பெஞ்சிலிருந்து சித்தப்பா துள்ளி எழுந்தார்.

"ஏலே, அழாதலே! அண்ணாச்சி இருக்காவ! நல்லாத்தான் இருக்காவ!"

கடைசிவரை ஒளித்து வைக்கவேண்டிய ரகசியம் அங்கேயே உடைந்துபோயிற்று. ராஜாதான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் கைதட்டினார்கள். அதிகாரி முடிவுரையில் ராணியின் அழுகையை வெகுவாகப் புகழ்ந்தாராம். அது எதுவும் என் காதில் ஏறவில்லை. புடவையை அவிழ்த்துவிட்டுச் சபையைச் சுற்றிச்சுற்றி நடந்துகொண்டிருந்தேன். அந்த ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை.

காலையில் அம்பாசமுத்திரத்தில் இறங்கினதும் சித்தப்பா என்னை விட்டுவிட்டு வேகமாக முன்னால் நடந்தார். அவர் வாயில் எதுவும் தங்காது. நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் சொல்லியாகிவிட்டது. அப்பா கட்டிலில் கிடந்தார். ஒரே வாரத்தில் பாதி உடம்பாக இளைத்திருந்தார். நான் துண்டால் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"இங்கன வா. துண்டை எடு."

எடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நேத்தே வருவேன்னு பாத்தேன்."

நான் துண்டை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

"நல்லா அழுதியாமே?"

"ஆமாப்பா."

"எம்புட்டு நேரம்?"

"கொஞ்ச நேரம். சித்தப்பா சொல்லுத வரைக்கும்."

"அம்புட்டுத்தானா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "இப்பம் நான் போனா உனக்கு எடுக்கதுக்கு ஒண்ணுமில்லையே. ஊரு சிரிக்காதா? அது பைய முளைக்கட்டும். முளைக்கிற வரைக்கும் நான் போகலே."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலைக்கு லீவு எழுதிப் போட்டுவிட்டு அங்கேயே இருந்தேன். காய்ச்சல் இறங்கும், ஏறும். காலையில் கண் விழித்ததும் கை உதட்டுக்குப் போகும். நாலாம் நாள் சொரசொரத்தது. எட்டாம் நாள் விரலில் குத்தியது. அப்பா கண்ணைத் திறந்தால் முதலில் என் உதட்டைத்தான் பார்க்கிறாரோ என்று தோன்றும்; தலையைத் திருப்பிக்கொள்வேன். பத்தாம் நாள் விடியற்காலையில் பையோடு வந்துவிட்டிருந்த காரியதரிசியின் கத்தியை எடுத்துக்கொண்டு பாபநாசம் படித்துறைக்கு நடந்தேன். ஓடுகிற தண்ணீரில் முகம் தெரியாது; தடவித் தடவி எடுத்தேன். எடுத்த மூன்றாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது. வைத்தியர் கஷாயத்தால் விட்டது என்றார் சித்தப்பா. நான் கத்தியைத் துடைத்துப் பத்திரப்படுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் எடுத்தேன். சபையில் எனக்கு நாடகப் பித்து என்றார்கள். ராணி வேஷம் எனக்கே நிலைத்துவிட்டது. ஊரில் தகப்பன் இருக்கையில் இப்படித் திரிகிறானே என்று காறித் துப்பாத குறை. உறவுக்காரர் கல்யாணங்களில் என்னை ஓரமாக உட்கார வைத்தார்கள். என் மனைவி ஒரு வருஷம் சண்டை போட்டுவிட்டு ஓய்ந்தாள். காரணத்தை அவளிடம்கூட நான் சொன்னதில்லை. சொன்னால் பலிக்காது என்று பயம்.

அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. ஊருக்குப் போகும்போதெல்லாம் முதலில் உதட்டைப் பார்த்துவிட்டுத்தான் வா என்பார்.

"இன்னும் முளைக்கலையாலே?"

"இல்லப்பா."

"நல்லது. அப்பம் அறுப்பைப் பாத்துட்டு வாரேன்" என்று வயலுக்குக் கிளம்பிவிடுவார்.

இப்படியே ஒன்பது வருஷம் ஓடிற்று. பத்தாம் வருஷம் மாசியில் தந்தி வந்தது. நிஜத் தந்தி. அதற்கு முந்தின நாள்தான் எடுத்திருந்தேன்.

ஆற்றங்கரையில் ஊர் நாவிதர் என் முன்னால் குந்தினார். தலையை மழித்தார். பிறகு முகத்தை நிமிர்த்தி, உதட்டில் தண்ணீரைத் தொட்டு வைத்துவிட்டு, கத்தியை வைக்க இடம் தெரியாமல் சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இங்கன எடுக்கதுக்கு ஒண்ணும் இல்லையே ஐயா."

சித்தப்பா சாஸ்திரத்துக்குக் கத்தியைக் காட்டச் சொன்னார். வெறும் உதட்டில் கத்தி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிற்று. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அழாதலே, அண்ணாச்சி இருக்காவ என்று யாராவது எழுந்து சொல்வார்களா என்று நான் சித்தப்பா முகத்தையே பார்த்தேன். அவர் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு எடுக்கவில்லை. இரண்டு மாதத்தில் நன்றாக அடர்த்தியாக வளர்ந்துவிட்டது. சபையில் ராணிக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.