குத்தாக அடித்த தாழ்ப்பாள்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக் கதவைப் பழுதுபார்க்கப் பதுளை டவுனிலிருந்து வந்த தச்சு பாஸின் பெயர் எனக்குத் தெரியாது. ஒல்லியான ஆள். ஸ்க்ரூ ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டே வேலை செய்வார். பேச வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்.

அப்பா செத்து எட்டு நாள். நெஞ்சு வலியோடு உள்ளே போனவர் கதவை அடித்துச் சாத்தியிருக்கிறார். மேல் பலகையை உடைத்து நாங்கள் நுழைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பாஸ் கதவை ஒருமுறை அடித்துச் சாத்திப் பார்த்தார். அடியிலிருந்த தாழ்ப்பாள் தானாக நழுவி நிலைப்படித் துளையில் விழுந்தது. ஆணிகளை வாயிலிருந்து எடுத்தார்.

"இத குத்தா அடிச்சது யாரு தம்பி?"

"நான்தான் பாஸ்."

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். "அவரு தாப்பா போடுற ஆளே இல்ல பாஸ். அன்னைக்கு ஏன் கதவு தெறக்கல?"

பாஸ் என் பக்கம் திரும்பவில்லை.

"மழைக்குப் பலகை ஊதிக்கிச்சும்மா."

ஊதாத பலகையை அம்மா கண்ணெதிரிலேயே சீவுளி வைத்துச் சீவினார். அவள் போனதும் தாழ்ப்பாளைக் கழற்றிப் படுக்கையாக வைத்து முடுக்கினார். "இனிமே இப்படி அடி" என்றார்.

மழை பெய்யும்போதெல்லாம் அம்மா கதவைத் தள்ளிப் பார்க்கிறாள். "பாஸ் நல்லா சீவியிருக்காருடா" என்கிறாள். அந்தப் பொய்யை அவர் யாருக்காகச் சொன்னார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

"ஆமாம்மா" என்கிறேன்.